பந்தி வஞ்சனை இல்லாத மட்டை வரிசை

(சங்கத்தின் ஆண்டு விழாவில், சிறுவர் விளையாட்டுப் பிரிவின் சார்பில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவார் உளர். இசை பேசுவார் உளர். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றோடு ஒப்பிட மிகச் சிறியது. நம் காலனிப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் ஆடும் சாஃப்ட்பால் ஆட்டத்தில் யார் முதலில் மட்டை பிடிப்பது, யார் கடைசியில் மட்டை பிடிப்பது என்னும் வரிசையை எவ்வாறு அமைப்பது என்பதே அப்பொருள். ஒரு தாளில் 12 பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும் வேலை. 5 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆயினும் ஞாயிறு மாலையில் நம் வீடுகளில் எழும் கேள்வி, 'யார் வென்றார்கள்?' என்பதன்று, 'நம் பிள்ளையை ஏன் கடைசியில் போட்டார்கள்?' என்பதே. 5 நிமிட வேலை ஒரு வாரத்து மனக்குறைக்கு இடமாகுமானால், அதைப் பற்றிச் சற்று நேரம் கூடியிருந்து சிந்திப்பது வீணாகாது.

சாஃப்ட்பாலை அறியாத பெரியோர் சிலரும் இங்கே இருக்கக்கூடும். அவர்கள் பொருட்டு அதன் வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவோம். 1887-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவின் சிகாகோ நகரத்து ஃபாரகட் படகுக் கழகத்தில், யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த பந்தயத்தின் முடிவை எதிர்பார்த்து இளைஞர் பலர் கூடியிருந்தனர். குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கழியை மட்டையாக்கி, கூடத்துக்குள்ளேயே அவர்கள் ஆடத் தொடங்கினர். அவர்களுள் ஒருவராகிய ஜார்ஜ் ஹான்காக் அதற்கு விதிகளை வகுத்தார். 'சாஃப்ட்பால்' என்னும் பெயரை 1926-இல் வால்ட்டர் ஹாக்கன்சன் என்பவர் முன்மொழிந்தார். நம் நாட்டில் இந்திய சாஃப்ட்பால் சங்கம் 1961-இல் தோன்றியது. 1996-இல் அட்லாண்டா நகரில் மகளிர் சாஃப்ட்பால் ஒலிம்பிக் பதக்க ஆட்டமாயிற்று. நாம் குடியேறி வாழும் இம்மஹாராஷ்டிர மண்ணில் பள்ளிப் பிள்ளைகள் பலர் இவ்விளையாட்டை ஆடுகின்றனர். பள்ளியில் கற்றதை நம் பிள்ளைகள் காலனி மைதானத்துக்குக் கொண்டுவந்தனர் என்பதே உண்மை. நாம் அவர்களுக்குக் கற்பித்தது சிறிது, அவர்களிடம் கற்றது பெரிது.

இனி ஆட்டத்தின் அமைப்பு. வைரக்கல் வடிவாக நான்கு தளங்கள். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 60 அடி. பந்தை வீசுபவர் கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் எறிதல் கூடாது. கீழ்க்கையாகவே வீச வேண்டும். மட்டை பிடித்தவர் பந்தை அடித்துவிட்டு முதல் தளத்துக்கு ஓடுவார். பின்னவர் அடிக்க அடிக்க முன்னவர் தளம் தளமாக முன்னேறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். முறை தவறிய பந்துகள் நான்கு வந்துவிட்டால், அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து செல்லும் உரிமை உண்டு. மூவர் அவுட்டானால் அவ்வணியின் இன்னிங்ஸ் முடிந்தது. பெரியோர் ஆடும் முறையான ஆட்டம் 7 இன்னிங்ஸ் கொண்டது. வெயிலையும் வீட்டுப்பாடத்தையும் எண்ணி நம் பிள்ளைகளுக்கு 5 இன்னிங்ஸோடு நிறுத்துகின்றோம்.

கிரிக்கெட்டில் பழகிய நமக்கு இங்கே ஒரு வேறுபாடு தெளிவாக விளங்க வேண்டும். கிரிக்கெட்டில் ஒருவர் அவுட்டானால் அந்த இன்னிங்ஸில் அவருடைய மட்டைவேலை தீர்ந்தது. அடுத்து யாரை அனுப்புவது என்பதையும் தலைவர் அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம். பதினோராவதாக நிற்கும் பிள்ளை மட்டையைத் தொடாமலே வீடு திரும்பும் நாள்களும் பல. சாஃப்ட்பாலில் நிலைமை வேறு. வரிசை ஆட்டத்துக்கு முன்பே எழுதி நடுவரிடம் கொடுக்கப்படும். அதன்பின் இன்னார்க்குப் பின் இன்னார் என்னும் முறை மாறாது. ஓர் இன்னிங்ஸ் எந்தப் பெயரில் நின்றதோ, அடுத்த இன்னிங்ஸ் அதற்கடுத்த பெயரில் தொடங்கும். கடைசிப் பெயர் வந்தபின் மீண்டும் முதற்பெயர் வரும். முறை தவறி ஒருவர் மட்டை பிடித்து ஆடி முடித்தபின், அடுத்த பந்து வீசப்படுவதற்குள் எதிரணியார் முறையிட்டால், முறைப்படி வந்திருக்க வேண்டியவர் அவுட் என்று தீர்ப்பாகும். ஆகவே இது நீர் இறைக்கும் ஏற்றம் போன்றதன்று. சுழன்றுவரும் சக்கரம் போன்றது. சக்கரத்தில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. எங்கே தொடங்குகிறோம் என்பதுதான் ஒருவரை முதல்வராக்குகிறது, மற்றொருவரைக் கடைசியாக்குகிறது.

வல்லுநர்கள் இவ்வரிசையை எவ்வாறு அமைக்கிறார்கள் என்பதையும் அறிந்துகொள்ளுதல் நலம். முதலிடத்தில், எப்படியேனும் தளத்தை அடையக்கூடியவரும் விரைந்து ஓடக்கூடியவருமான ஒருவரை நிறுத்துவர். இரண்டாமவர் பந்தை வீணாக்காமல் தொட்டு அனுப்பி முன்னவரை முன்னேறச் செய்பவர். மூன்றாம் இடம் அணியின் மிகச் சிறந்த மட்டையாளர்க்கு உரியது. நான்காமவர் ஓங்கி அடித்துத் தளங்களில் நிற்பவரையெல்லாம் வீடு சேர்ப்பவர். தளங்களைத் துடைத்துவிடுகிறார் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் அவரை 'கிளீன் அப்' என்பர். ஐந்து முதல் எட்டு வரை திறமை படிப்படியாக இறங்கும். ஒன்பதாம் இடத்தில் ஓரளவு விரைவாக ஓடுபவரை வைத்தால், அடுத்து வரும் முதல்வர்க்கு அவர் துணையாவார். இம்முறையில் குறை காண நமக்கு இடமில்லை. பள்ளி அணிக்காகவும் மாவட்ட அணிக்காகவும் ஆடுகையில் வெற்றியே நோக்கம். வெற்றிக்கு ஏற்ற வரிசையே அங்கே முறையான வரிசை.

ஆனால் காலனி மைதானத்தில் எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் ஆடும் பொழுதுபோக்கு ஆட்டத்தின் நோக்கம் அதுதானா? அங்கே வருபவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். வந்தவர் எல்லாரும் அணியினரே. அதனால்தான் பல நாடுகளில் சிறுவர் ஆட்டங்களில், களத்தில் ஒன்பதின்மர் நின்றாலும், வந்த பிள்ளைகள் அனைவரையும் மட்டை வரிசையில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. 1939-இல் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் நகரில் தோன்றி, 1974-இல் சிறுமியர்க்கான சாஃப்ட்பாலையும் ஏற்றுக்கொண்ட 'லிட்டில் லீக்' அமைப்பில், பருவத்து வழக்கமான ஆட்டங்களில் ஒவ்வொரு பிள்ளையும் எதிரணியின் 6 அவுட்டுகள் விழும் வரையிலாவது களத்தில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது மட்டை பிடிக்க வேண்டும் என்று விதியே உண்டு. நாமும் வந்தவர் அனைவரையும் வரிசையில் எழுதுகின்றோம். அதனால் நீதி முடிந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். முடியவில்லை என்பதைக் கணக்கு காட்டும்.

12 பிள்ளைகள். 5 இன்னிங்ஸ். ஓர் ஆட்டத்தில் நம் அணியில் மொத்தம் 28 முறை மட்டை பிடிக்க வாய்ப்புக் கிட்டுகிறது என்று கொள்வோம். 12 பேர் இருமுறை சுற்றினால் 24. எஞ்சிய நான்கும் வரிசையின் முதல் நால்வர்க்கே போய்ச் சேரும். அவர்களுக்கு மும்முறை, மற்ற எண்மர்க்கு இருமுறை. ஒரு நாளைக்கு இது சிறு வேற்றுமை. ஒரு பருவத்தில் 8 ஆட்டங்கள் நிகழ்ந்து, ஒவ்வொரு முறையும் அதே பெயரிலிருந்தே வரிசை தொடங்குமானால், முதல் நால்வர் 24 முறை மட்டை பிடித்திருப்பர்; பின்னிருக்கும் எண்மர் 16 முறையே பிடித்திருப்பர். நன்றாக அடிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பழகுவதற்கு 24 வாய்ப்பு. தெரியாத பிள்ளைக்கு 16 வாய்ப்பு. பழக்கம் யாருக்கு மிகுதியாக வேண்டுமோ அவருக்கே குறைவாகக் கிடைக்கிறது. பருவத்தின் முடிவில், 'பார்த்தீர்களா, அவனுக்கு அடிக்கவே வரவில்லை' என்றும் நாமே சொல்லிவிடுகின்றோம்.

எண்ணிக்கை மட்டுமன்று, காத்திருத்தலும் உண்டு. 28 முறை 5 இன்னிங்ஸில் பரவினால், இன்னிங்ஸ் ஒன்றுக்கு ஐவர் அல்லது அறுவரே மட்டை பிடிப்பர். பன்னிரண்டாம் பிள்ளையின் முறை பெரும்பாலும் மூன்றாம் இன்னிங்ஸில்தான் வரும். அதுவரை அவன் பெஞ்சின் கோடியில் அமர்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பான். கை சூடு ஆறிப் போகும். மனமும் ஆறிப் போகும். பின்னர் எழுந்து போய் மூன்று பந்துகளை வீணாக்கிவிட்டுத் திரும்புவான்.

பெரியவர்கள் நாம் இதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. பிள்ளைகளோ எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். தாளில் தம் பெயரை மேலிருந்து தேடும் பிள்ளைகளும் உண்டு. கீழிருந்து தேடும் பிள்ளைகளும் உண்டு. கீழிருந்து தேடுபவர் யார் என்பதைக் கவனித்தால், அவர்கள் தம்மைப் பற்றி என்ன முடிவு செய்திருக்கிறார்கள் என்பது நமக்கு விளங்கும். நம் காலனித் தாயார் ஒருவர் மைதானத்தின் ஓரத்தில் நின்று கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறது. "எங்கள் பெண்ணுக்கு அவ்வளவாக அடிக்க வராது என்பதை நாங்களும் அறிவோம், அவளும் அறிவாள். அதை வாரந்தோறும் ஒரு தாளில் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி ஒட்டித்தான் ஆக வேண்டுமா?" என்றார் அவர். இதற்கு விடை சொல்லுவதே இவ்வுரையின் நோக்கம்.

'பந்திக்கு முந்து' என்பது உண்பவர்க்கு நம் பழமொழி தரும் அறிவுரை. பரிமாறுவோர்க்கு நம் முன்னோர் வைத்த விதி வேறு. பந்தி வஞ்சனை கூடாது என்பது அது. ஒரே பந்தியில் அமர்ந்தவர்களுள், ஓர் இலைக்கு நெய்யைத் தாராளமாக ஊற்றி, மற்றோர் இலையைக் கடக்கும்போது கரண்டியைச் சாய்க்காமல் போவதை நம் மக்கள் பெரும் பழியாகக் கருதினர். ஒரு பந்தியில் எவ்வளவு தாராளமாகப் பரிமாறினாலும், பாயசம் எப்பொழுதும் இந்தக் கோடியிலேயே தொடங்கி அந்தக் கோடிக்கு வருமுன் தீர்ந்துபோகுமானால், அந்தக் கோடியில் அமர்ந்தவர் என்ன நினைப்பார்? அறிந்த வீட்டில் என்ன செய்வர்? இம்முறை இந்தக் கோடியில் தொடங்கினால் அடுத்த முறை எங்கே விட்டார்களோ அங்கிருந்து தொடங்குவர். மட்டை வரிசைக்கும் இதனினும் சிறந்த விதி நமக்குத் தோன்றவில்லை.

அதாவது, பருவத்தின் தொடக்கத்தில் 12 பெயர்களை ஒரு வட்டமாக எழுதிக்கொள்ள வேண்டும். முதல் ஆட்டத்தில் யாரிடம் தொடங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கலாம். அந்த ஆட்டம் எந்தப் பெயரோடு முடிந்ததோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதற்கடுத்த பெயரிலிருந்து வரிசை தொடங்கும். இவ்வளவுதான் விதி. இதன் பயனைக் கணக்கிட்டுப் பாருங்கள். 8 ஆட்டங்களுக்கு 28 வீதம் 224 வாய்ப்புகள். 12 பேர்க்குப் பங்கிட்டால் எண்மர்க்கு 19, நால்வர்க்கு 18. முன்னே 24-க்கும் 16-க்கும் இருந்த இடைவெளி, இப்பொழுது 19-க்கும் 18-க்கும் சுருங்கிவிட்டது. ஒரு காசு செலவில்லை. ஒரு பிள்ளைக்கும் இழப்பென்று சொல்லத்தக்க இழப்பில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் மொத்த எண்ணிக்கை கூடியும் குறைந்தும் வருமாதலால், தொடங்கும் பெயரும் மாறிக்கொண்டே வரும். பருவம் முடியுமுன் ஒரு முறையேனும் முதலில் நிற்காத பிள்ளை இருந்தால், கடைசி ஆட்டங்களுள் ஒன்றை அப்பிள்ளையிடமிருந்து தொடங்கிவிடலாம்.

'இப்படிச் செய்தால் தோற்றுப்போவோமே' என்று சிலர் கேட்கின்றனர். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை சொல்லுவோம். அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால் அணி ஒன்று ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஒன்பதின்மர் வரிசையில் ஒருவர் ஓரிடம் கீழே இறங்கினால், ஆட்டத்துக்கு ஒன்பதில் ஒரு பங்கு வாய்ப்பை இழக்கிறார். பருவம் முழுவதிலும் 18 வாய்ப்புகள். அந்நாட்டுக் கணித அறிஞர்கள் இதை நுணுகி ஆராய்ந்து கண்ட முடிவு வியப்புக்குரியது: வழக்கமாக அமைக்கும் வரிசைக்கும் மிகச் சிறந்த வரிசைக்கும் உள்ள வேறுபாடு, ஆட்டம் ஒன்றுக்கு ஓர் ஓட்டத்தின் சிறு பின்னமே. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயிற்சியாளர்கள் தூக்கம் கெட்டுச் சிந்தித்த பொருளின் எடை இவ்வளவே. வரிசையை ஒழுங்காக எழுதுவதால் கிடைக்கும் ஓட்டத்தைவிட, மட்டையை ஒழுங்காகப் பிடிக்கப் பழக்குவதால் கிடைக்கும் ஓட்டம் அதிகம். வெற்றி வேண்டுவோர் தாளில் செலவிடும் நேரத்தைப் புதன்கிழமைப் பயிற்சியில் செலவிடட்டும்.

வட்டத்தில் பெயர்களை எந்த முறையில் அடுக்குவது என்பதிலும் கருத்துச் செலுத்த வேண்டும். புதிதாகப் பழகும் மூவரை அடுத்தடுத்து எழுதிவிட்டால் என்னாகும்? ஒரு புதுப்பிள்ளை நான்கு முறையில் மும்முறை அவுட்டாகிறான் என்று கொண்டால், அத்தகைய மூவரும் தொடர்ந்து அவுட்டாவது 64-க்கு 27 முறை நிகழும். மூவரும் அவுட்டானால், தளத்தில் நின்றவர் நின்றபடியே இருக்க, இன்னிங்ஸ் முடிந்துபோகும். பழியும் அந்த மூவர்மேல் விழும். மாறாக, இரண்டு முறைக்கு ஒரு முறை தளத்தை அடையும் இருவர்க்கு நடுவே ஒரு புதுப்பிள்ளையை நிறுத்தினால், அம்மூவரும் தொடர்ந்து அவுட்டாவது 64-க்கு 12 முறையே. வல்லவர்களை ஒன்றாகக் குவித்தால் அவர்கள் முறையில் ஓட்டங்கள் குவியும் என்பதும் உண்மையே. ஆனால் ஆட்டம் ஒருதலையாகிவிடாதபடி, ஓர் இன்னிங்ஸில் 5 ஓட்டங்கள் ஆனவுடன் நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவ்வாறு நிறுத்தும்போது குவித்த வலிமையின் ஒரு பகுதி வீணே போகிறது. ஆதலால் உப்பை ஒரே இடத்தில் கொட்டாமல் சோறு முழுவதும் கலப்பது போல, வல்லவரையும் பழகுவோரையும் கலந்தே அடுக்குவோம்.

கலந்து அடுக்குவதில் மற்றொரு நன்மையும் உண்டு. முன்னே சென்றவர் தளத்தில் நிற்கும்போது மட்டை பிடிக்கும் புதுப்பிள்ளைக்குத் தன் அடியால் ஒரு பயன் உண்டு என்பது கண்ணெதிரே தெரியும். பந்து பத்தடி உருண்டாலும் முன்னவர் ஒரு தளம் முன்னேறக்கூடும். தான் அவுட்டாகியும் அணிக்கு ஓர் ஓட்டம் ஈட்டித் தந்த பிள்ளை பெஞ்சுக்குத் திரும்பும் நடையே வேறு. நாம் முன்னே சொன்ன தாயாரின் பெண், வட்டம் சுழன்று தன் பெயர் முதலில் வந்த நாளில், மட்டையை ஒரு முறைகூட வீசவில்லை. முறை தவறிய நான்கு பந்துகளையும் பொறுமையாகப் பார்த்து விட்டுவிட்டு, முதல் தளத்துக்கு நடந்து போய் அதன்மேல் இரண்டு கால்களையும் ஊன்றி நின்றாள். அடிக்கத் தெரியாதவள் என்று பெயர் பெற்றவளுக்கு விடத் தெரிந்திருந்தது. எந்தப் பந்தை விடுவது என்று அறிவதும் இவ்விளையாட்டில் பெருந்திறமையே. கடைசி இடத்தில் அதை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

நடைமுறைக்குச் சில சிறு விதிகள். ஒரு பிள்ளை ஊருக்குப் போயிருந்தால், அப்பெயரைத் தாண்டிச் செல்லுவோம். அதற்காக அணிக்கு அவுட் இல்லை. திரும்பி வந்ததும் வட்டத்தில் பழைய இடமே அப்பிள்ளைக்கு உரியது. ஆட்டம் தொடங்கியபின் தாமதமாக வருபவர் அன்றைய வரிசையின் இறுதியில் சேருவர். இது தண்டனையன்று, எழுதிய வரிசையைக் குலைக்காதிருப்பதற்கான ஒழுங்கு. யார் எத்தனை முறை மட்டை பிடித்தார் என்னும் கணக்கை ஒரு நோட்டில் எழுதுதல் வேண்டும். அதைப் பெரியவர் எழுதாமல், பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று எழுதட்டும். தமிழில் எழுதட்டும். வீட்டிலே தமிழ் பேசினாலும், பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் எழுதும் நம் பிள்ளைகள், பன்னிரண்டு தோழர்களின் பெயரைத் தமிழில் எழுதுவதற்கு ஞாயிறுதோறும் ஒரு வாய்ப்பு ஏற்பட்டால், அது சங்கத்தின் பணிதானே!

பெற்றோர்க்கும் ஒரு சொல் உண்டு. பொறுத்தருள வேண்டும். ஒரே காலனியில் வாழும் நமக்குள், அலுவலகத்தில் மேலதிகாரியும் உண்டு, அவர்க்குக் கீழே வேலை பார்ப்பவரும் உண்டு. மைதானத்தில் அவ்வரிசை நுழைதல் ஆகாது. மேலதிகாரி வீட்டுப் பிள்ளையின் பெயரை மேலே எழுதிவிட்டால் அவர் மகிழ்வார் என்று யாரேனும் எண்ணினால், அவரையும் இழிவு செய்கிறோம், அப்பிள்ளையையும் இழிவு செய்கிறோம். பயிற்சியாளர் தம் சொந்தப் பிள்ளையை எங்கே எழுதினாலும் ஊர் பேசும்; மேலே எழுதினால் பாசம் என்பர், கீழே எழுதினால் வேஷம் என்பர். சுழலும் வட்டம் அவரையும் இத்துன்பத்திலிருந்து விடுவிக்கிறது. வரிசையை எழுதுவது மனிதர் என்றிருந்தால் மனிதர்மேல் குறை வரும். வரிசையை எழுதுவது போன வாரத்து ஆட்டம் என்றாகிவிட்டால் குறை சொல்ல ஆளே இல்லை.

திறமை மிக்க பிள்ளைகளை நாம் மறந்துவிடவில்லை. 'நான் நன்றாக அடிக்கிறேன். ஏன் ஏழாவதாக நிற்க வேண்டும்?' என்று கேட்கும் பிள்ளையின் கேள்வியும் நியாயமானதே. அப்பிள்ளைக்கு நாம் இரண்டு செய்திகளைச் சொல்லுவோம். முதலாவது, பதின்மூன்று வயதுக்கு மேல் பள்ளி அணியிலும் போட்டி ஆட்டங்களிலும் உன் திறமையே உன் இடத்தைத் தீர்மானிக்கும். அங்கே நீ மூன்றாம் இடத்தில் நிற்பதைப் பார்க்க நாங்கள் அனைவரும் வருவோம். இரண்டாவது, சாஃப்ட்பாலில் ஒருவன் தனியே வெல்ல முடியாது. நீ எவ்வளவு ஓங்கி அடித்தாலும், உன் முறை மீண்டும் வருவதற்கு இடையில் பதினொருவர் மட்டை பிடித்தாக வேண்டும். அவர்கள் கற்றால்தான் உன் அடிக்குப் பொருள் உண்டு. இதை ஏற்கும் பிள்ளை மட்டையாளன் மட்டுமல்லன். நாளைக்கு ஓர் அணித் தலைவன்.

இச்சிறு பொருளை ஆண்டு விழாவில் பேசியதன் காரணத்தை இறுதியாகச் சொல்லுவோம். நம் அணியில் இருப்பது 12 பிள்ளைகள். கடைசி இடத்தில் நின்று சலித்து மூவர் வராது நின்றால் ஒன்பதின்மர் எஞ்சுவர். அவர்களுள் ஒருவர்க்குக் காய்ச்சல் கண்டால் களத்தை நிரப்ப ஆள் இல்லை, ஆட்டமே இல்லை. சங்கமும் அப்படித்தான். பெரிய நகரத்தின் நடுவே நாம் சில குடும்பங்கள். பேச்சுப் போட்டியில் எப்பொழுதும் பரிசு பெறும் பிள்ளை, நடனத்தில் எப்பொழுதும் நடுவில் நிற்கும் பிள்ளை, இவர்கள் யாரும் அழைக்காமலே வருவார்கள். ஓரத்தில் நிற்கும் பிள்ளை இங்கே தனக்கு ஒரு முறை உண்டு என்று நம்பினால்தான் வரும். அப்பிள்ளை வந்தால்தான் அதன் வீட்டாரும் வருவர். அதன் தாயும் பாட்டியும் மைதானத்து வேலியோரம் நின்று பேசும் தமிழும் இக்காலனியில் நிலைக்கும்.

எனவே அடுத்த பருவத்திற்கான வட்டம் சங்கத்து நூலக அறையின் சுவரில் இம்மாத இறுதிக்குள் ஒட்டப்படும். அதில் உங்கள் பிள்ளையின் பெயர் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று தேட வேண்டா. வட்டத்தில் மேலும் இல்லை, கீழும் இல்லை. பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையெனில், எட்டு வயது நிரம்பிய எந்தப் பிள்ளையின் பெயரையும் அங்கேயே எழுதிச் செல்லுங்கள். எழுதுகோல் நூலில் கட்டித் தொங்கும்.